குட்டைப் படிகள்

"உங்க காலு எம்புட்டு எட்டும்?"

"என்னாது?"

"ஒரு எட்டு வச்சா எம்புட்டு தூரம் போகும்னு கேட்டேங்க."

"பொம்பளைகிட்ட கேக்குற கேள்வியா இது? உங்க தோட்டத்துல இப்பிடித்தான் கேப்பாங்களோ?"

"எங்க தோட்டத்துல நாங்க குடியிருந்த லயமே மண்ணுக்குள்ள போயிருச்சுங்க. இனி அங்க யாரு கேக்கப் போறா? நான் படி வெட்ட வந்தவன். காலு தெரியாம வெட்ட முடியாது."

"எல்லாருக்கும் வெட்டுற மாதிரியே வெட்டுங்க. எனக்குன்னு தனியா ஒன்னும் வேணாம்."

"சரிங்க."

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருஷமாகிறது. கொழுந்து பறிக்கும்போதும், பீலிக் குழாயில் குடம் நிரம்பக் காத்து நிற்கும்போதும், மாமாவுக்கு ரொட்டி தட்டும்போதும் கோகிலா அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். 'சரிங்க' என்று அத்தனை பணிவாகச் சொன்ன மனிதன் மறுநாளே வாக்குத் தவறினானே, அந்தச் சிரிப்பு.

இன்றைக்குக் காலையில் அதே பேச்சு நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை. காரணம், தேயிலைச் செடி வரிசைகளில் அவளுடையதான முதல் நிரையில், கூடக் கொழுந்து பறிக்கும் லெச்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

பலாங்கொடையிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் பஸ், கடைசியாகத் திரும்பி நிற்கும் இடத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் தெரிவதுதான் அந்தத் தேயிலை மலை. தோட்டத்துக் காகிதங்களில் அதற்கு ஒரு நம்பர் உண்டு. ஆட்கள் வைத்த பேர் ஏணிமலை. ஏணியில் ஏறுகிறவனாவது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம். இங்கே கை இரண்டும் கொழுந்துக்குப் போய்விடும். நிற்பது, நகர்வது, விழாமல் இருப்பது எல்லாம் காலின் பாடு.

இரத்தினபுரிப் பக்கமெல்லாம் வெள்ளம் வந்து மலைகள் சரிந்த அந்த வருஷம் ஏணிமலையிலும் ஒரு மூலை வழுக்கிக்கொண்டு போனது. நல்ல வேளை, அன்றைக்கு அங்கே ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் துரை நிரைக்கு நிரை படி வெட்டச் சொன்னார். மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டுவதிலும் படி வெட்டுவதிலும் கைதேர்ந்தவன் என்று கொடகவெலப் பக்கமிருந்து சசியை அன்றாடக் கூலிக்குக் கைக்காசு ஆளாகக் கூட்டி வந்தார்கள். இருந்த தோட்டத்தில் வீடு போய், அதற்கு முந்தின வருஷம் தாயும் போய், கல்யாண வயதெல்லாம் அந்தத் தாயின் நோய்க்குப் பணிவிடை செய்ததிலேயே கழிந்துபோய், ஒரு மண்வெட்டியோடும் ஒரு அலவாங்குக் கடப்பாரையோடும் வந்து இறங்கியவன் அவன்.

மலைக்குச் சட்டம் போடுகிறவர் ராமச்சந்திரன் கங்காணி. கோகிலாவின் மாமனார். ஒருத்திக்கு நேர் கீழே இன்னொருத்தி நின்று பறிக்கக் கூடாது. கால் பட்டு ஒரு கல் புரண்டால், புரட்டியவள் "கல்லு!" என்று கத்த வேண்டும், கீழே இருப்பவள் அண்ணாந்து பார்க்காமல் செடியோடு செடியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். செடியைப் பிடித்தால் அடித்தண்டைப் பிடிக்க வேண்டும், நுனியைப் பிடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே படி. சசி வந்த முதல் நாளே கங்காணி தன் கம்பை அவன் முன்னால் போட்டார்.

"இந்தக் கம்புதான் அளவு. எல்லா நிரையிலயும் ஒரே அளவு இருக்கணும். கொழுந்து எடுக்குறவ கண்ணு செடியில இருக்கும் தம்பி, படியில இருக்காது. அடுத்த படி எங்கேன்னு அவ காலுக்கே தெரியணும். ஒரு படி கூடக் கொறைய இருந்தா அது படியில்ல, பொறி."

சசி தலையாட்டினான். அளவு பிசகாமல் வெட்டினான். முதல் நிரையைத் தவிர.

முதல் நிரை கோகிலாவுக்கு என்று விட்டது. சின்ன வயதில் பலா மரத்திலிருந்து விழுந்து, கோணலாகவே கூடிப்போன இடது கால் அவளுக்குச் சற்றுக் குட்டை. அந்த நிரையை ஒட்டி ஒரு பாறை உண்டு. கை ஊன்றிக்கொள்ளலாம் என்று கங்காணி அவளை அங்கே நிறுத்துவார். மற்றப் பெண்கள் முணுமுணுப்பார்கள். "மருமகளுக்கு மெத்தை போட்ட நிரை" என்பாள் லெச்சுமி, கேட்கும்படியாகவே.

மெத்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் படிகளில் ஒவ்வொன்றுக்கும் கோகிலா ஒரு எம்பு எம்ப வேண்டியிருந்தது. மாலையில் இடுப்பு விட்டுப்போகும். அதைப் பார்த்துத்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். மறுநாள் அவள் வந்து பார்த்தபோது, ஒவ்வொரு இரண்டு படிக்கும் நடுவில் புதிதாக ஒரு குட்டைப் படி. ஒரு பாதம் மட்டும் வைக்கிற அகலம். ஓரத்தில் மண் உதிராமல் பட்டைக் கல் பதித்திருந்தது.

"வேணாம்னு சொன்னேன்ல?" என்று அவள் கேட்டாள்.

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்க. உங்க காலு சொல்லலையே" என்றான் அவன்.

அன்றைக்கு அவள் எம்பாமல் ஏறினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு காலும் சமமாக இருப்பதுபோல ஏறினாள். புருஷன் மஞ்சள் காமாலையில் போன பிறகு தனக்கென்று எவரும் எதையும் செய்து பார்த்திராத ஒரு பெண்ணுக்கு அது என்ன சின்ன விஷயமா?

மழை ஓரங்களைக் கரைக்கும். அவன் வந்து திருத்துவான். செடிகள் மறைப்பதால் அடுத்த நிரைக்காரிக்கே அது தெரியாது. கங்காணியும் முழங்கால் வலியால் மேலே ரோட்டில் நின்றே வேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஆக, அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த படி.

மலையில் எல்லாப் பெண்களும் அவனைச் 'சசி அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். கோகிலா மட்டும் 'இந்தாங்க' என்பாள். லெச்சுமிக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன்டி, எங்களுக்கெல்லாம் அண்ணே. உனக்கு மட்டும் அவரு என்னா முறை?"

"முறையெல்லாம் ஒன்னுமில்ல அக்கா. எனக்கு ஏற்கனவே ஒரு அண்ணன் இருக்குல்ல, அதுவே பெரிய தொல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்தாள். முதுகு மட்டும் வியர்த்தது.

போன பொங்கல் அன்றைக்குக் கோயிலடியில் சசி நேராகவே கேட்டுவிட்டான். "உங்க மாமாகிட்ட நான் வந்து பேசவாங்க?"

"வேணாம். நான் கேக்குறேன். நான் கேட்டாத்தான் அது முறை" என்றாள் கோகிலா.

"எப்ப?"

"கேக்குறேன்."

பொங்கல் போய், சித்திரை போய், ஆடியும் போய்விட்டது. அவள் கேட்கவில்லை. வாய்க்கு என்ன பூட்டா? பூட்டுத்தான். புருஷன் செத்த முப்பதாம் நாள் அவளுடைய அண்ணன் கொடகவெலவிலிருந்து கூட்டிப் போக வந்தபோது, கங்காணி வாசலில் குறுக்கே நின்று "இது எனக்கு மருமகளும் இல்ல, விருந்தாளியும் இல்ல. எம்மக. எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்று சொன்னவர். அவருக்கு அவளை விட்டால் நாதியில்லை. அவரிடம் போய் இன்னொருத்தனைக் கட்டி வை என்று கேட்பது, உன் மகனை நான் மறந்துவிட்டேன் என்று சொல்வதுபோல அவளுக்குப் பட்டது. ஒவ்வொரு நாளும் சோறு போட்டுக் கொடுக்கும்போது இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று நினைப்பாள். அவர் ரசத்துக்கு உப்புப் போதுமா போதாதா என்று ஏதாவது சொல்வார். அந்த நேரம் நழுவிப் போகும்.

இன்றைக்குக் காலையில் மாமாவுக்குக் காய்ச்சல். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "யோகராஜப் பெரட்டுல நின்னு ஆள் பிரிக்கச் சொல்லு" என்று விட்டார். யோகராஜ் புதுக் கங்காணி. மீசை வந்த அளவுக்கு மலை வரவில்லை. வந்தவர்களை வந்த வரிசையில் நிரை பிடிக்கச் சொன்னான். முதலில் வந்தவள் லெச்சுமி. நெடு நெடுவென்று வளர்ந்தவள். ஒரு எட்டில் மற்றவர்களின் ஒன்றரை எட்டுப் போகிறவள்.

"அக்கா, அது என் நிரை" என்றாள் கோகிலா.

"உன் பேரு எழுதியிருக்கா? கங்காணி இல்லாத அன்னைக்காவது நாங்களும் அந்த மெத்தையில நடந்து பாக்குறோம்."

'அங்க படி குட்டை அக்கா, இறங்குறப்போ பாத்து இறங்குங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் லெச்சுமி சும்மா விடுவாளா? ஏன் குட்டை, யார் வெட்டியது, உனக்கு மட்டும் எதுக்கு என்று மலை முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். பத்து மணித் தேத்தண்ணிக்குள் அது மாமாவின் காதுக்குப் போய்விடும்.

ஏறும்போது ஒன்றும் ஆகாது என்று கோகிலா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இறங்கும்போது கூடவே போய் எப்படியாவது சொல்லிவிடலாம். நாலாவது நிரையில் நின்றுகொண்டு கொழுந்தைப் பறிப்பதா, முதல் நிரையைப் பார்ப்பதா என்று அல்லாடினாள். விரல் முற்றின இலையை எல்லாம் கிள்ளியது. பெரிய படிகளில் எம்பி எம்பி இடது கால் நடுங்கத் தொடங்கியது.

முகில் இறங்கிவிட்டது. மேலிருந்து யோகராஜ் கொழுந்து நிறுக்க விசில் ஊதினான். எல்லாரும் கூடையைத் தலைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு நிறுவைத் தளத்துக்கு இறங்கத் தொடங்கினார்கள். "அக்கா!" என்று கோகிலா கூப்பிட்டாள். முகிலுக்குள் யாருக்கு எது கேட்டது? "அக்கா, நில்லுங்க!"

"ஆத்தே!" என்று ஒரு சத்தம். அதன் பின்னால் செடிகள் முறியும் சத்தம். பிறகு பட்டைக் கல் ஒன்று உருண்டு கானுக்குள் விழுந்த சத்தம்.

ஒரே அளவுப் படிக்குப் பழகிய கால் லெச்சுமியுடையது. அடுத்த படி இருக்க வேண்டிய இடத்துக்கு அது கண்ணை மூடிக்கொண்டு போனது. போகிற வழியில் குட்டைப் படியின் ஈர ஓரத்தில் குதிகால் பட்டு வழுக்கிவிட்டது. நிறைந்த கூடையோடு சறுக்கிப் போய்க் குறுக்குக் கானில் விழுந்தவளின் வலது கால் முழுக்க அவளுக்கு அடியில் மடிந்து கிடந்தது.

கீழ்க் கானில் வேலை செய்துகொண்டிருந்த சசிதான் முதலில் ஓடி வந்தான். ஓடி என்றால் நேராக அல்ல; கானோடு குறுக்கே வந்து, திரும்பி, மறுபடி குறுக்கே ஏறி. சாக்கை இரண்டு கம்பில் கோர்த்து அவளைத் தூக்கினார்கள். பள்ளத்துப் பக்கம் பாரமெல்லாம் தன் மேல் வரும்படி சசி நின்றுகொண்டான். பின்புறமாக அடி அடியாக இறங்கினான். லெச்சுமி வலியிலும் வாயை மூடவில்லை.

"மெத்த நிரைன்னு சொன்னேனே, பாத்தீங்களா, நல்லாத் தூங்க வச்சிருச்சு... ஐயோ, மெதுவா சசி அண்ணே, காலு கழண்டு வருது!"

கோகிலா அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். சிதறின கொழுந்தைக்கூட அள்ள மறந்துவிட்டாள்.

தோட்டத்து லொறியில் லெச்சுமியைப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை மலைக்கு வந்தார். முதல் நிரையில் இறங்கிப் பார்த்தார். உதிர்ந்த பட்டைக் கல்லைச் சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்தார்.

"மொகத மே? என்ன இது? யார் இப்படி வெட்டினது?" என்றார், பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாக.

"நான்தான் சேர்" என்றான் சசி.

"ஏன்?"

சசி ஒருமுறைகூடக் கோகிலாவின் பக்கம் திரும்பவில்லை. "மழையில அவசரமா வெட்டினேன். அளவு தப்பிப் போச்சு சேர்."

"தப்பிப் போச்சா? ஒன்னு விட்டு ஒன்னு, வரிசையா தப்பிப் போச்சா?"

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாளைக்குப் பெரிய கங்காணி ராமச்சந்திரன் ஆபீசுக்கு வந்து மலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அதுவரை இவன் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சின்னத்துரை போனார். கைக்காசு ஆள்தானே. கங்காணி 'இவன் கவனமில்லாதவன், கவலையீனம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை மாலைப் பஸ்ஸில் சசி போய்விடுவான். போக ஒரு வீடுகூட இல்லாதவன்.

மத்தியானம் பீலிக்கரையில் அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தொடக் கூடாது என்று சொன்னதை ஒப்படைப்பதற்கு முன் சுத்தமாக்கிக்கொண்டிருந்தான். கோகிலா குடத்தோடு போய் நின்றாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல?"

"உண்மைய."

"உண்மையச் சொன்னா எனக்கு ஒரு நாள் பேச்சு. உங்களுக்கு ஆயுசுக்கும் பேச்சு." மண்வெட்டியைக் கவிழ்த்து வைத்தான். "தப்பு என்னோடதுதாங்க. ஒருத்தர் காலுக்கு வெட்டுன படி இன்னொருத்தர் காலுக்குக் குழி. கங்காணி மொத நாளே சொன்னாரு. தெரிஞ்சேதான் வெட்டினேன். அந்தப் புள்ள காலு முறிஞ்சு கெடக்குறப்போ நான் எப்பிடி நியாயம் பேசுறது?"

"நான் அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு."

"எனக்கும்தான் ரெண்டு வருஷமா வாய் வரைக்கும் வருது, கங்காணிகிட்டச் சொல்லிறலாம்னு." அவன் லேசாகச் சிரித்தான். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி போல."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை. அவன் பொங்கலன்று கேட்டதை மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போனாள். கஞ்சிச் சட்டியை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள். உள்ளே போய்த் துவைத்த துணியையே மறுபடி மடித்தாள். லொறியில் போனவர்கள் திரும்பி வந்து, லெச்சுமிக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்டவளுக்கு, அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை.

"எதுக்குப் புள்ள கூண்டுக்குள்ள எலி மாதிரி ஓடுற?" என்றார் கங்காணி, போர்வைக்குள்ளிருந்து. பிறகு எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒன்னு வெளங்கல. அந்தச் சசிப்பய வெட்டுன படியில ஒரு முட்டையக்கூட உருளாம வைக்கலாம். அவனுக்கு அளவு தப்பிச்சுன்னு சொன்னா யாரு நம்புவா? எங்க என் கம்பு?"

"காய்ச்சலோட எங்க போறீங்க?"

"நாளைக்கு ஆபீசுல நான்தான வாயத் தொறக்கணும். கண்ணால பாக்காம எப்பிடித் தொறக்குறது? இருட்டுறதுக்குள்ள போய்ட்டு வந்துறலாம்."

சொன்னால் கேட்கிற ஆளா? கம்பளிச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோகிலா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மழை விட்டிருந்தது. ஆள் இல்லாத ஏணிமலை வேறு யாருடைய மலையோ போல இருந்தது. முதல் நிரையின் தலைப்பில் கங்காணி நின்றார். இங்கே வந்து இறங்கி எத்தனை நாளோ. கம்பைப் பள்ளத்துப் பக்கம் ஊன்றாமல் மேட்டுப் பக்கம் ஊன்றி, உடம்பை மலையோடு சாய்த்து, பக்கவாட்டில் முதல் அடி வைத்தார். கோகிலா அவருக்கு நேர் மேலே நிற்காமல் பாறையோரம் ஒதுங்கி நின்றாள். முழங்கால் மடிய வலிக்குமே என்று அவள் பல்லைக் கடித்தாள்.

வலித்ததாகத் தெரியவில்லை. அவர் ஒரு குட்டைப் படியில் கால் வைத்தார். பிறகு பெரியது. பிறகு குட்டை. கிழட்டு முழங்காலுக்கு அது வாகாக இருந்தது போலும். கம்பைக்கூடச் சரியாக ஊன்றாமல் ஏழெட்டு எட்டு இறங்கிவிட்டார். சட்டென்று நின்றார். குனிந்து கம்பைப் படிக்கும் படிக்கும் நடுவில் வைத்து அளந்தார். பட்டைக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"கவலையீனமா?" என்று முனகினார். "எங்கம்மாகூட எனக்கு இவ்வளவு அக்கறையாச் சோறு ஊட்டுனதில்ல."

நிமிர்ந்து, பாறையில் கை ஊன்றி நின்ற மருமகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது காலைப் பார்த்தார்.

"இது யாரு காலுக்கு வெட்டுனது?"

"என் காலுக்கு மாமா."

"நீ கேட்டியா?"

"இல்ல. வேணாம்னுதான் சொன்னேன்."

"பொறகு?"

"பொறகு... ஏறினேன். தெனமும் ஏறினேன்."

கங்காணி கான் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. லெச்சுமி சறுக்கிய இடத்தில் செடிகள் மல்லாந்து கிடந்தன.

"காலையில அவ இந்த நிரையப் பிடிக்கிறப்போ நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"சொன்னியா?"

"சொல்லல மாமா. சொன்னா உங்க காதுக்கு வந்துரும்னு பயந்தேன்."

"அடிப் பாவி!" கம்பு தரையில் ஓங்கி விழுந்தது. "எத்தன வருஷமா இந்த மலையில ஒரு காலு முறியாம காப்பாத்திட்டு வந்தேன்! அவ மூணு புள்ளைக்கித் தாயி. தலை அடிபட்டிருந்தா? எனக்குப் பயந்தியா? நான் புலியா, கரடியா?"

கோகிலாவுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கை பாறையில். "நாளைக்கு மொத பஸ்ல போயி லெச்சுமி அக்கா கால்ல விழுறேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"அவளுக்கு இனி ஒரு காலுதான் நல்லாருக்கு. அதையும் முறிச்சிராம பாத்து விழு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயோரம் ஒரு நொடி துடித்து அடங்கியது. சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஆபீசுல நான் என்ன சொல்ல? அவன் குடிச்சிட்டு வெட்டுனான்னு சொன்னா அவனோட முடிஞ்சுரும். அவனும் அதுக்குத்தான் கழுத்த நீட்டிட்டு நிக்கிறான். உம்பேரு வெளிய வராது."

"வரட்டும் மாமா. உண்மையச் சொல்லுங்க. எம்பேரையும் சேத்துச் சொல்லுங்க."

"ஊரு என்ன பேசும் தெரியுமா? கங்காணி மருமகளுக்குப் படி வெட்ட ஒரு ஆளுன்னு பாட்டுக் கட்டிப் பாடுவாளுக."

"பாடட்டும்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு எதிராக ஒரு சொல் பேசியதில்லை. கீழே லயத்திலிருந்து யாரோ மாட்டைக் கூப்பிடும் சத்தம் வந்தது. மேற்கே முகில் மறுபடி திரண்டது.

"படிய அழிச்சிட்டு ஒரே அளவா வெட்டச் சொல்லணும்" என்றார், தரையைப் பார்த்தபடி. "நாளைக்கே. வேற வழியில்ல. மலைக்கு ஒரு அளவுதான்."

"சரி மாமா."

"நீ ஏற மாட்ட."

"எம்பி ஏறுவேன். முந்தி ஏறலையா?"

"ம்." கம்பை ஊன்றி எழுந்தார். அவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசர அவசரமாக மேலே பார்த்தார். "வா, மழ வருது. ஏறு. வீட்டுல போயி அந்தக் கஞ்சியச் சூடாக்கு. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

அப்பறம். அந்தச் சொல் கோகிலாவுக்கு நன்றாகத் தெரிந்த சொல். பொங்கலிலிருந்து அவள் தனக்குத் தானே சொல்லி வந்தது அதைத்தானே. வீட்டுக்குப் போனால் கஞ்சி இருக்கும், விளக்கு இருக்கும், சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். அவர் உப்பைப் பற்றி ஏதாவது சொல்வார். நாளை மாலைப் பஸ் சசியை ஏற்றிக்கொண்டு பலாங்கொடைக்கு இறங்கிவிடும்.

அவள் ஏறவில்லை. குடையைப் பாறையில் சாய்த்து வைத்தாள். பாறையை விட்டுக் கையை எடுத்தாள். பக்கவாட்டில் கால் வைத்து, ஒவ்வொரு படியாக, அவர் நிற்கும் இடத்துக்கு இறங்கிப் போனாள். முதல் தூற்றல் செடிகளில் விழுந்தது. அருகில் நின்றபோது அவருடைய காய்ச்சல் சூடு அவளுக்குத் தெரிந்தது. அவரும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடைசியில் அவள் முகத்தையே பார்த்தார்.

"மாமா," என்றாள். குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினாள். "என்னைய மகள்னு சொன்னீங்க. மகளா கேக்குறேன். அவர எனக்குக் கட்டி வைங்க. வேற யாரும் வேணாம், நீங்களே முன்ன நின்னு கட்டி வைங்க."